டி.டி.பி-43: மறைத்து வைப்பதையே வேலையாகக் கொண்ட புரதம்

நம் முதலாம் குரோமோசோமில் டி.ஏ.ஆர்.டி.பி.பி. என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் ஒரு மரபணு இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் புரதத்துக்கு டி.டி.பி-43 என்று பெயர். 414 அமினோ அமிலங்கள் கோத்த, நடுத்தர அளவுள்ள புரதம் அது. 43 என்பது கிலோடால்டன் கணக்கில் அதன் எடை. உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் அது உண்டு. இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளையும் நீக்கி எலிகளை வளர்க்கப் பார்த்தார்கள். ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. கரு உண்டான ஆரம்ப நாட்களிலேயே அழிந்துவிட்டது.

அவ்வளவு அவசியமான புரதம். ஆனால் இதைப் பற்றித் தேடிப் படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது நோய்க் கதைதான். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் இந்தப் புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் திரண்டு கிடக்கிறது, அதனால் செல்கள் சாகின்றன என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அது தவறில்லை, ஆனால் பாதிதான். திரண்டு கிடப்பதற்கு முன்னால் அந்தப் புரதம் என்ன செய்துகொண்டிருந்தது? அதைப் புரிந்துகொண்டால்தான் நோயின் மறுபாதி விளங்கும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த நல்ல கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் அந்த மறுபாதியிலிருந்துதான் வந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் ஆர்.என்.ஏ.

மரபணு என்பது டி.என்.ஏ.வில் எழுதப்பட்ட ஒரு செய்தி. செல்லுக்கு ஒரு புரதம் தேவைப்படும்போது அந்த இடத்திலுள்ள எழுத்துகள் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகின்றன. அந்தப் படி உட்கருவை விட்டு வெளியே வரும். வெளியே இருக்கும் பகுதிக்கு சைட்டோபிளாசம் என்று பெயர். அங்கே ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கும். பள்ளிப் பாடத்தில் இவ்வளவுதான் வரும்.

இடையில் ஒரு முக்கியமான கட்டம் இருக்கிறது. டி.என்.ஏ.விலிருந்து முதலில் எடுக்கப்படும் படியில் தேவையான எழுத்துகள் கொஞ்சம்தான் இருக்கும். தேவையான துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர், அவற்றுக்கு நடுவே வரும் தேவையற்ற நீளங்களுக்கு இன்ட்ரான் என்று பெயர். ஒரு எக்ஸான் சராசரியாக நூற்றைம்பது எழுத்துகள்போல இருக்கும். இன்ட்ரானோ ஆயிரக்கணக்கில் போகும், சில மரபணுக்களில் லட்சத்தையும் தாண்டும். செல்லுக்குள் இருக்கும் ஒரு பெரிய இயந்திரக் கூட்டம் இன்ட்ரான்களை வெட்டியெறிந்து எக்ஸான்களை ஒன்றோடொன்று ஒட்டுகிறது. இதைத்தான் ஸ்ப்ளைசிங் என்கிறார்கள்.

ஒரு சின்ன வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். சேர வேண்டிய செய்தி "நாளை காலை ஊருக்கு வா" என்பது. முதல் படியில் அது இப்படி இருக்கும்:

நாளை தகமபரசலன காலை பமதயகமுற்றும்லகரப ஊருக்கு ரரதபவகம வா

அர்த்தமில்லாத எழுத்துகள்தான் இன்ட்ரான். வெட்டி ஒட்டும் இயந்திரம் அவற்றைத் தள்ளிவிட்டு நான்கு சொற்களையும் சேர்த்தால் செய்தி சரியாக வந்துவிடும். ஆனால் இரண்டாவது குப்பைக்குள் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "முற்றும்" என்று ஒரு சொல் தற்செயலாக அமைந்திருக்கிறது. யாரும் அதை அங்கே எழுதவில்லை. லட்சக்கணக்கான எழுத்துகள் கண்டபடி கிடக்கும் இடத்தில் ஏதோ ஒன்று சொல்லைப் போலத் தோன்றத்தான் செய்யும். இயந்திரம் அதை நிஜச் சொல் என்று எடுத்துக்கொண்டால் செய்தி "நாளை காலை முற்றும்" என்று நின்றுபோகும். ஊரும் இல்லை, வருவதும் இல்லை.

இது கற்பனைக்குச் சொன்னதல்ல. மனித இன்ட்ரான்களுக்குள் இப்படி எக்ஸான் மாதிரியே வேஷம் போட்டிருக்கும் துண்டுகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை மறைந்திருக்கும் எக்ஸான்கள் என்கிறார்கள். பலவற்றில் புரதத்தை அத்துடன் நிறுத்து என்ற குறியும் இருக்கும், நம் வாக்கியத்தில் வந்த "முற்றும்" போல.

வெட்டி ஒட்டும் இயந்திரத்துக்கு அவை ஏன் பெரும்பாலும் அகப்படுவதில்லை? ஏனென்றால் செல்லுக்குள் ஆர்.என்.ஏ. ஒருபோதும் வெறுமனே கிடப்பதில்லை. பிறந்த நொடியிலிருந்து அதன்மேல் புரதங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மனிதனிடம் ஆர்.என்.ஏ.வோடு பிணையும் புரதங்கள் 1,500-க்கும் மேல் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பிடித்த எழுத்து வரிசை வேறு. எங்கே வெட்டுவது, எங்கே வெட்டக்கூடாது, இந்தப் படி எவ்வளவு நேரம் பிழைத்திருக்கலாம், செல்லின் எந்த மூலைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் இவைதான் முடிவு செய்கின்றன. டி.டி.பி-43 இவற்றில் ஒன்று.

அது எப்படி அமைந்திருக்கிறது

ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகள் ஏ, யூ, ஜி, சி. இவற்றில் யூவும் ஜியும் மாறி மாறி வரும் இடங்களை டி.டி.பி-43 தேடிப்போய்ப் பிடிக்கிறது. யூஜியூஜியூஜி என்று நீண்டுகொண்டே போகும் வரிசை கிடைத்தால் மிகவும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புரதத்தின் நடுவில் இதற்கென்றே இரண்டு பகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்த மாதிரிப் பகுதி நூற்றுக்கணக்கான மனிதப் புரதங்களில் உண்டு, ஆனால் அது எந்த எழுத்தை விரும்பும் என்பது புரதத்துக்குப் புரதம் வேறுபடும்.

முன்பக்கத்தில் ஒரு சிறு அடையாளக் குறி இருக்கிறது. இந்தப் புரதத்தை உட்கருவுக்குள் கொண்டுபோ என்பது அதன் பொருள். ஆகவே ஆரோக்கியமான செல்லில் டி.டி.பி-43 பெரும்பாலும் உட்கருவுக்குள்தான் இருக்கும். வெட்டி ஒட்டும் வேலை நடப்பதும் அங்கேதான்.

பின்பக்கம், அதாவது 274-வது அமினோ அமிலத்திலிருந்து கடைசி வரைக்கும், ஒரு நீண்ட வால். கிளைசின் என்ற அமினோ அமிலம் நிறைந்தது. நிலையான வடிவம் எதுவும் அதற்குக் கிடையாது, தளர்வாக அசைந்துகொண்டே இருக்கும். மற்றப் புரதங்களோடும் தன் இனத்தோடும் சேர்ந்துகொள்ள இந்தத் தளர்ச்சி உதவுகிறது. பிற்பாடு திரண்டு கட்டிதட்டிப் போவதற்கும் அதுவே வழி விடுகிறது. வேலைக்கு வேண்டிய குணமே ஆபத்துக்கும் காரணமாக இருக்கிறது, ஆகவே வாலை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

கண்டுபிடித்த கதை

இந்தப் புரதம் முதலில் தென்பட்டது எச்.ஐ.வி. ஆராய்ச்சியில். 1995-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ரிச்சர்ட் கெய்னரின் குழு, அந்த வைரஸின் மரபுப் பொருளில் டி.ஏ.ஆர். எனப்படும் பகுதியோடு பிணையும் மனிதப் புரதம் ஒன்றை அடையாளம் கண்டது. பெயரும் அதிலிருந்துதான் வந்தது. அதன் அன்றாட வேலைக்கும் எச்.ஐ.வி.க்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பது பிறகு தெரிந்தது, ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேலை என்ன என்பதற்கான முதல் தெளிவான துப்பு 2001-ல் இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரிலிருந்து வந்தது. எமானுவேலே புராட்டியும் ஃபிரான்சிஸ்கோ பராலேயும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய்க்குக் காரணமான மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதன் 9-வது எக்ஸான் சிலரிடம் செய்தியில் சேராமல் விடுபட்டுப் போகும். அந்த எக்ஸானுக்குச் சற்று முன்னால் யூஜி வரிசை எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக அது விடுபடும். அந்த வரிசையில் போய் உட்கார்ந்து எக்ஸானை மறைப்பது டி.டி.பி-43 என்று அவர்கள் காட்டினார்கள். இங்கே அது மறைத்தது நிஜச் சொல்லை. எது நிஜம், எது பொய் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. யூஜி வரிசை எங்கே இருக்கிறதோ அங்கே உட்காரும், உட்கார்ந்த இடத்தை இயந்திரத்தின் பார்வையிலிருந்து மறைக்கும்.

அப்புறம் 2006. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வர்ஜீனியா லீயும் ஜான் ட்ரோஜனோவ்ஸ்கியும் நடத்திய ஆய்வகத்திலிருந்து, மனுவேலா நியூமன் முதல் ஆசிரியராக, ஒரு கட்டுரை வெளிவந்தது. இரண்டு நோய்களில் இறந்தவர்களின் மூளைத் திசுவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கை கால்கள் ஓய்ந்து, பேச்சும் விழுங்குவதும் முடிவில் மூச்சும் தடைப்படும் நோய். ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு இருந்தது இதுதான். அவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது மிக அரிது, பெரும்பாலானவர்கள் அறிகுறி தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே இறந்துவிடுகிறார்கள். இன்னொன்று மூளையின் நெற்றிப் பகுதியையும் காதை ஒட்டிய பக்கப் பகுதியையும் தாக்கும் ஒருவகை டிமென்ஷியா. நினைவு போவதற்கு முன்பே குணமும் பேச்சும் மாறிப்போகும் நோய் அது.

இரண்டு நோய்களிலும் செல்களுக்குள் ஏதோ ஒரு புரதம் திரண்டிருப்பது முன்பே தெரியும். எந்தப் புரதம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அது டி.டி.பி-43 என்று அந்தக் கட்டுரை சொன்னது. தனித்தனி நோய்களாகப் பார்க்கப்பட்ட இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்ற எண்ணம் வலுப்பெற்றது அன்றிலிருந்துதான். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் 100-க்குச் சுமார் 97 பேரிடம் இந்தத் திரள் காணப்படுகிறது என்று இன்று கணக்குச் சொல்கிறார்கள். சோட்1, ஃபஸ் ஆகிய மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்கள் விதிவிலக்கு.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008-ல், டி.ஏ.ஆர்.டி.பி.பி. மரபணுவிலேயே மாற்றங்கள் உள்ள ஏ.எல்.எஸ். குடும்பங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. புரதம் வெறுமனே அருகில் கிடந்த பொருளல்ல, அதில் ஏற்படும் கோளாறே நோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. இன்றுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன, அநேகமாக எல்லாம் அந்தத் தளர்ந்த வாலில். இத்தாலியின் சார்டினியா தீவில் 382-வது இடத்தில் நிகழும் ஒரே ஒரு மாற்றம் அங்குள்ள ஏ.எல்.எஸ். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. ஆனால் உலக அளவில் பார்த்தால் இது அரிது. குடும்ப வழியாக வரும் ஏ.எல்.எஸ்.ஸிலேயே சுமார் 4 சதவீதம்தான். மற்ற பெரும்பாலானவர்களிடம் இந்த மரபணு சரியாகவே இருக்கிறது, அதிலிருந்து உண்டான புரதம் மட்டும் வழி தவறிப் போகிறது.

மரபணுப் பரிசோதனை அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மரபணுவில் காணப்படும் எல்லா மாற்றமும் நோய் அல்ல. விளைவு இன்னும் உறுதியாகாத மாற்றம் என்று அறிக்கையில் எழுதியிருந்தால் அதற்கு அந்த அர்த்தம்தான். அதை வைத்துக்கொண்டு இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்காமல் மரபணு ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் அந்த வரிக்குப் பொருள் சொல்ல முடியாது.

காலியான உட்கரு

2006 கட்டுரையின் படங்களில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, உட்கருவுக்கு வெளியே திரண்டு கிடக்கும் புரதம். இன்னொன்று, அதே செல்லில் வெறிச்சோடிப் போன உட்கரு. இருக்க வேண்டிய இடத்தில் டி.டி.பி-43 இல்லவே இல்லை. கண்ணை இழுத்தது திரள்தான், பல ஆண்டுகள் ஆராய்ச்சியும் அதன் பின்னாலேயே போயிற்று. அது இயல்புதான். அல்சைமர் நோயிலும் பார்கின்சன் நோயிலும் திரளைத்தான் எல்லாரும் துரத்திக்கொண்டிருந்தார்கள். திரள் நச்சாகிச் செல்லைக் கொல்கிறதா, அல்லது உட்கருவில் வேலை நடக்காமல் போனதால் செல் சாகிறதா என்ற விவாதம் நீண்டது. இரண்டும்தான் என்று சொல்வது எளிது. ஆனால் வேலை நின்றால் சரியாக என்ன கெடுகிறது என்பதை யாராவது விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

2011-ல் எலி மூளையில் டி.டி.பி-43 எந்தெந்த ஆர்.என்.ஏ.க்களைப் பிடிக்கிறது என்று பட்டியலிட்டபோது 6,000-க்கும் மேற்பட்டவை வந்தன. டி.டி.பி-43-ஐக் குறைத்தபோது மிகவும் அடிபட்டவை, நீண்ட இன்ட்ரான்கள் கொண்ட மரபணுக்கள். அவற்றில் பல நரம்பு செல்லின் தொடர்புகளுக்கு வேண்டியவை. துப்பு சரியான திசையில்தான் இருந்தது, ஆனால் 6,000 பெயர்களில் எதை நம்புவது?

விடை 2015-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஃபிலிப் வோங்கின் குழுவினர் டி.டி.பி-43 இல்லாத செல்களின் ஆர்.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். மரபணுப் பதிவேடு எதிலும் இல்லாத துண்டுகள் அங்கே செய்திக்குள் ஏறியிருந்தன. மறைந்திருக்கும் எக்ஸான்கள் வெளியே வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யூஜி வரிசைகள். அதாவது டி.டி.பி-43 இத்தனை காலமும் அந்த இடங்களில் உட்கார்ந்து, "முற்றும்" என்ற பொய்ச் சொல் கண்ணில் படாமல் மூடி வைத்திருந்தது. அது போனதும் இயந்திரம் பொய்ச் சொற்களை எடுத்துக் கோக்க ஆரம்பித்தது. நோயாளிகளின் மூளைத் திசுவிலும் இதே தடயங்கள் இருந்தன.

அந்தக் கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் பொதுவெளியில் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். எலியின் மறைந்திருக்கும் எக்ஸான்களும் மனிதனின் மறைந்திருக்கும் எக்ஸான்களும் வேறு வேறு. காரணம் யோசித்தால் புரியும். நிஜ எக்ஸான்களைப் பரிணாமம் காத்து வருகிறது, அதனால் எலிக்கும் நமக்கும் அவை ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. இன்ட்ரானில் கிடக்கும் எழுத்துகளுக்கு அந்தக் காவல் கிடையாது. அவை அவரவர் வழியில் மாறிப் போய்விட்டன. குப்பையில் தற்செயலாக அமைந்த சொல் ஒரு உயிரினத்தில் இருந்தால் இன்னொரு உயிரினத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆகவே எலியில் டி.டி.பி-43-ஐக் குறைத்து நோயை வரவழைத்து மருந்து தேடினால், மனிதனில் கெடும் மரபணுக்கள் அந்த எலியில் கெடுவதே இல்லை. எலியில் கிடைத்த பலனை மனிதனிடம் எதிர்பார்க்க முடியாததற்கு இங்கே ஒரு திட்டவட்டமான காரணம் கிடைத்தது.

ஸ்டாத்மின்-2

2019-ல் ஹார்வர்டில் கெவின் எகனின் குழுவும், சான் டியாகோவில் டான் கிளீவ்லண்டின் குழுவும் தனித்தனியாக ஒரே மரபணுவில் போய் முட்டின. மனித ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த இயக்க நரம்பு செல்களில் டி.டி.பி-43-ஐக் குறைத்தால் எது மிகவும் கெடுகிறது என்று பார்த்தார்கள். ஸ்டாத்மின்-2 என்ற புரதத்தின் ஆர்.என்.ஏ. பாதியில் முடிந்துபோயிருந்தது.

நம் வாக்கியத்தில் நடந்தது இங்கே அச்சாக நடக்கிறது. ஸ்டாத்மின்-2 மரபணுவின் முதல் இன்ட்ரானுக்குள் ஒரு மறைந்திருக்கும் எக்ஸான் இருக்கிறது. டி.டி.பி-43 மூடி வைத்திருக்கும் வரை அது யாருக்கும் தெரியாது. மூடி விலகியதும் முதல் எக்ஸானுக்கு அடுத்ததாக அது ஒட்டப்படுகிறது. அதிலேயே நிறுத்தற்குறியும் இருக்கிறது, ஆர்.என்.ஏ.வை இத்துடன் வெட்டி முடி என்ற குறியும் இருக்கிறது. மீதி எக்ஸான்கள் செய்திக்குள் வருவதே இல்லை. விளைவு, பயனில்லாத ஒரு துணுக்கு. ஸ்டாத்மின்-2 கிடையாது.

அது இல்லாவிட்டால் என்ன? முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பு செல்லின் நீண்ட இழை, அதாவது ஆக்ஸான், ஒரு மீட்டர்வரைகூட இருக்கும். அடிபட்டால் அது மறுபடி வளர வேண்டும். அதற்கும் உள்ளே ஓடும் நுண்குழல்களின் பராமரிப்புக்கும் ஸ்டாத்மின்-2 வேண்டும். இயக்க நரம்பு செல்களில் அது மிக அதிகமாகவே இருக்கும். ஆய்வகத்தில் டி.டி.பி-43 குறைந்த செல்களின் ஆக்ஸானை வெட்டிப் பார்த்தபோது அவை திரும்ப வளரத் தடுமாறின. ஸ்டாத்மின்-2-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்தபோது வளர்ந்தன. டி.டி.பி-43 குறைந்தபடியேதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் இடங்களில் கெட்டுப் போன நிலையில், ஒரே ஒரு செய்தியைச் சரி செய்ததற்கே இந்தப் பலன் கிடைத்தது. எலியின் ஸ்டாத்மின்-2 மரபணுவில் இந்த மறைந்திருக்கும் எக்ஸான் கிடையாது. இத்தனை வருஷம் எலிகளில் இது அகப்படாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

பதின்மூன்று வருஷப் புதிர்

2009-ல் ஆயிரக்கணக்கான ஏ.எல்.எஸ். நோயாளிகளின் டி.என்.ஏ.வை மற்றவர்களுடைய டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டபோது யூ.என்.சி.13ஏ என்ற மரபணு கண்ணில் பட்டது. அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. பிற்பாடு, அந்த எழுத்து உள்ள நோயாளிகள் சீக்கிரம் இறப்பதும் தெரிந்தது. நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும்போது ரசாயனத்தை வெளியே விடுவதற்கு இந்த மரபணுவின் புரதம் வேண்டும். ஆக, அதற்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடியதுதான். ஆனால் மாறியிருந்த எழுத்து கிடந்ததோ இன்ட்ரானுக்குள். வெட்டியெறியப்படும் இடத்தில் ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகிவிடும்?

2022-ல் இரண்டு குழுக்கள் இதை அவிழ்த்தன. ஒன்று லண்டனில் பியெத்ரோ ஃபிராட்டா தலைமையில். இன்னொன்று அமெரிக்காவில் ஆரன் கிட்லர், லியோனார்ட் பெட்ரூசெல்லி ஆகியோர் தலைமையில். அதே இன்ட்ரானில்தான் டி.டி.பி-43 மூடி வைத்திருக்கும் ஒரு மறைந்திருக்கும் எக்ஸான் இருக்கிறது. ஆபத்தான எழுத்து உள்ளவர்களிடம், டி.டி.பி-43 கொஞ்சம் குறைந்தாலே அந்த எக்ஸான் எளிதாக வெளியே வந்துவிடுகிறது. டி.டி.பி-43 நிறைய இருக்கும்வரை அந்த எழுத்தால் ஒரு பாதிப்பும் இல்லை. அதனால்தான் அதைச் சுமக்கும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் ஆவதில்லை.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். பரம்பரையாக வந்த ஒரு சின்ன வித்தியாசமும், வயதான பிறகு ஒரு புரதம் இடம் மாறுவதும் எங்கே சந்திக்கின்றன என்று எழுத்துக்கு எழுத்து சொல்ல முடிகிறது. மற்ற நோய்களில் இவ்வளவு தெளிவாகச் சொல்லக் கிடைப்பது அபூர்வம்.

அதிகமானாலும் கெடுதல்

சரி, குறைந்ததுதான் பிரச்சினை என்றால் டி.டி.பி-43-ஐ இன்னும் கொஞ்சம் செய்ய வைத்தால் போதாதா? போதாது. எலி, பழ ஈ, ஈஸ்ட் என்று எதில் அதிகப்படுத்திப் பார்த்தாலும் செல்கள் சாகின்றன. மாற்றமில்லாத, நல்ல டி.டி.பி-43 ஆனாலும் அப்படித்தான்.

செல்லுக்கு இது தெரிந்திருக்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது. டி.டி.பி-43 தன் அளவைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. புராட்டியும் பராலேயும் இருந்த ட்ரியெஸ்தே குழு 2011-ல் இதை விளக்கியது. உட்கருவில் டி.டி.பி-43 அதிகமானால், அது தன் சொந்த ஆர்.என்.ஏ.வின் கடைசிப் பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் அந்த ஆர்.என்.ஏ. வேறு விதமாக வெட்டப்பட்டு அழிக்கப்படுகிறது. புதிய புரதம் குறைகிறது. குறைந்தால் ஒட்ட ஆள் இல்லை, ஆர்.என்.ஏ. பிழைக்கிறது, புரதம் கூடுகிறது. இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கிய எலிகள் பிறந்து வாழ்வது இதனால்தான். இருக்கும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டே அளவை அவை ஏறக்குறையச் சமாளித்துக்கொள்கின்றன.

நோயில் இந்த ஏற்பாடே பாதகமாகிவிடும் என்று பலர் கருதுகிறார்கள். உட்கருவில் டி.டி.பி-43 இல்லை, ஆகவே இன்னும் செய் என்று கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது. செய்த புரதமோ உள்ளே போகாமல் வெளியிலேயே திரளில் சேர்கிறது. திரள் பெருக்கப் பெருக்க உட்கரு காலியாகவே கிடக்கிறது. திரளா, இழப்பா என்ற பழைய விவாதத்தில் இரண்டு பக்கமும் ஏன் சரியாகத் தோன்றின என்பது இங்கே விளங்கும்.

டி.டி.பி-43-க்கு வேறு வேலைகளும் உண்டு, அவற்றைச் சுருக்கமாகத்தான் சொல்கிறேன். ஆக்ஸானின் கடைக்கோடிவரை சில ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செல் நெருக்கடியில் இருக்கும்போது ஆர்.என்.ஏ.க்களைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் சிறு துளிகளில் சேர்கிறது. 2018-ல் கொலராடோவில் நடந்த ஆய்வு ஒன்று, காயம்பட்ட தசை மறுபடி வளரும்போது ஆரோக்கியமான டி.டி.பி-43-யும் சில நாட்கள் திரள் போன்ற அமைப்புகளாகச் சேர்ந்து பிறகு கலைந்துவிடுவதைக் காட்டியது. திரள்வது எல்லாமே நோயல்ல என்று எடுத்துக்கொள்ள இது நல்ல ஆதாரம்.

ஏ.எல்.எஸ். அரிய நோய் என்பதால் இது நமக்குத் தொலைவான விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். அல்சைமர் போலவே நினைவை அரிக்கும், ஆனால் டி.டி.பி-43 திரள்வதால் வரும் முதுமை நோய் ஒன்றுக்கு 2019-ல் லேட் என்று பெயரிட்டார்கள். 80 வயதைத் தாண்டியவர்களின் பிரேதப் பரிசோதனைகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் அதன் தடயம் இருந்திருக்கிறது. அல்சைமர் என்று நினைக்கப்பட்ட சிலருக்கு இருந்தது இதுவாக இருக்கலாம், அல்லது இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

மூடியைத் திருப்பி வைப்பது

டி.டி.பி-43-ஐக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்றால் சிகிச்சைக்கு வழி? அது மூடி வைத்திருந்த இடத்தை வேறொன்றால் மூடலாம். ஆர்.என்.ஏ.வின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஒட்டும்படி, சுமார் இருபது எழுத்துகள் கொண்ட செயற்கைத் துண்டுகளைச் செய்ய முடியும். 2023-ல் டான் கிளீவ்லண்டின் குழு, மனித ஸ்டாத்மின்-2-இன் அந்தப் பகுதியை எலிக்குள் பொருத்தி, இப்படிப்பட்ட துண்டுகளால் மறைந்திருக்கும் எக்ஸானை மறுபடி மூடிக் காட்டியது. ஸ்டாத்மின்-2 திரும்பி வந்தது. அந்த இடத்தில் டி.டி.பி-43 செய்த வேலை பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என்பதும் அதில் தெரிந்தது. அதனால்தான் வேறொன்று அதைச் செய்ய முடிகிறது.

இந்த முறை காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல. குழந்தைகளைத் தாக்கும் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நூசினெர்சன் இதே வகை மருந்து. விடுபட்டுப் போகும் ஒரு எக்ஸானைச் செய்திக்குள் திருப்பிச் சேர்ப்பது அதன் வேலை. உட்காரக்கூட மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட குழந்தைகள் பலர் அதனால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டாத்மின்-2-க்கான துண்டுகளும் ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதனைக்கு வந்துவிட்டன.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஒரு பெரிய தடை இருந்து வந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரின் நரம்பு செல்களில் டி.டி.பி-43 வேலையை நிறுத்திவிட்டதா என்று எப்படி அறிவது? மூளையைத் திறந்து பார்க்க முடியாது. இதற்கும் மறைந்திருக்கும் எக்ஸான்களே வழி காட்டின. எல்லாப் பொய்ச் சொற்களிலும் "முற்றும்" இருப்பதில்லை. சிலவற்றில் ஒரு வேண்டாத சொல் நடுவில் நுழைந்தாலும் வாக்கியம் கடைசிவரை போய்விடும். எச்.டி.ஜி.எஃப்.எல்.2 என்ற மரபணுவில் நடப்பது அது. டி.டி.பி-43 இல்லாதபோது அதன் புரதத்துக்குள் வழக்கத்தில் இல்லாத ஒரு துண்டு சேர்ந்துவிடுகிறது. ஆரோக்கியமான உடம்பில் அந்தத் துண்டுக்கு அநேகமாக இடமே இல்லை. ஆகவே அதைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றைத் தயாரித்தால் போதும்.

அதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு தயாரித்தது. 2024-ல் வெளியான முடிவுகளின்படி, முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் இந்தத் துண்டு அகப்படுகிறது. சி9ஓ.ஆர்.எஃப்72 என்ற மரபணுவில் ஏ.எல்.எஸ்.ஸை வரவழைக்கக்கூடிய மாற்றத்தைச் சுமக்கிறவர்களைச் சோதித்தபோது, கையோ காலோ இன்னும் தளராத, எந்த அறிகுறியும் தொடங்காத சிலரிடமும் அது இருந்தது.